ஓங்கு மரபணு எதையும் அடக்குவதில்லை

பொதுவாக ஒரு மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு நகல்களாக வருகிறது. ஒரு நகலே பண்பை வெளிப்படுத்தினால் அது 'ஓங்கு', இரு நகல்களும் வேண்டுமானால் 'ஒடுங்கு'. மரபியலில் இப்படிப் படிக்கும்போது, ஒரு மரபணு மற்றொன்றை அமுக்கி ஆள்வதாகவே தோன்றும். செல்லுக்குள் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஆதிக்கம் எதுவும் நடப்பதில்லை.

மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கையே பார்ப்போம். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம், ஏறக்குறைய 3:1.

இதன் காரணம் மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் ஒரு நொதி. சுருங்கிய வகையில், அந்த நொதிக்கான மரபணுவின் நடுவே சுமார் 800 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்திருக்கிறது. உருப்படியான நொதி உருவாவதில்லை. மாவுச்சத்தாக வேண்டிய சர்க்கரை தேங்கி நீரை இழுக்கிறது, விதை உப்புகிறது. முற்றிக் காயும்போது நீர் வெளியேற, தோல் சுருங்கிவிடுகிறது. கலப்பு விதையில் நல்ல நகல் ஒன்றுதான் உண்டு. விதை உருண்டையாக அது தரும் நொதியே போதும். பழுதான நகலை யாரும் தடுக்கவில்லை, அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அதே கலப்பு விதையின் மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், அவை இரு பெற்றோருக்கும் இடைப்பட்ட வடிவில் இருக்கும். ஆகவே ஒரு மரபணுவை 'ஓங்கு' என்று சொல்லும் முன், எந்தப் பண்பைப் பார்த்து என்று கேட்க வேண்டும்.

சில நேரம் பழுதே ஓங்கும். எலும்புக்கு உறுதி தரும் புரதமான முதல்வகைக் கொலாஜன் முப்புரிக் கயிறு போன்றது: ஆல்ஃபா-1 இழை இரண்டு, ஆல்ஃபா-2 இழை ஒன்று. ஆல்ஃபா-1 மரபணுவின் ஒரு நகல் கோணலான இழையைத் தந்தால், பாதி இழைகள் கெட்டவை. இரண்டு ஆல்ஃபா-1 இழைகளும் நல்லவையாக அமையும் வாய்ப்பு கால் பங்குதான். முக்கால் பங்கு கயிறுகளில் பழுது கலந்துவிடும், எலும்பு எளிதில் முறியும். அந்த நகல் எதையுமே தராதிருந்தால் கொலாஜன் பாதியாகக் குறையும், ஆனால் இருப்பதெல்லாம் நல்லது. அப்போதும் நோய் வரும், பொதுவாகக் கடுமை குறைவு. கெட்ட புரதத்தைவிடப் புரதம் இல்லாததே மேல் என்ற இந்த நிலை மரபியலின் மிக அழகிய விளக்கங்களில் ஒன்று. ஏபி இரத்த வகையிலோ ஏ, பி என்ற இரு நகல்களும் முழுதாக வெளிப்படுகின்றன.

ஓங்கு என்றால் பரவலானது என்று எண்ணுவதும் பிழை. மூளையைத் தாக்கும் ஹண்டிங்டன் நோய் ஓங்கு வகை, ஆனால் அரிது. ஒடுங்கு வகையான ஓ இரத்தமோ உலகில் மிகப் பரவலானது. ஓங்கு என்ற காரணத்தால் மட்டும் ஒரு மரபணு தலைமுறைதோறும் பெருகாது என்று 1908இல் கணித அறிஞர் ஹார்டி காட்டினார். இயற்கைத் தேர்வு, இடப்பெயர்வு, தற்செயல் போன்றவையே மக்களிடையே ஒரு மரபணுவின் விகிதத்தை மாற்றுகின்றன.

குடும்பக் கணக்கும் இதே போல் எளிது. பெற்றோரில் ஒருவரிடம் ஓங்கு நோயின் ஒரு நகல் இருந்தால், குழந்தை அதைப் பெறும் வாய்ப்பு 50 விழுக்காடு. இருவரும் ஒடுங்கு நோயின் ஒரு நகலை மட்டும், தாம் நோயுறாமல் சுமப்பவர்களானால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. ஒவ்வொரு கருவுக்கும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். முதல் குழந்தைக்கு நோய் வந்ததால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று பொருளில்லை.