'பரோலுக்குத் தகுதி' என்றால் என்ன தகுதி?

'குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. 25 ஆண்டுகளுக்குப் பரோல் கிடையாது.' கனடாவிலோ அமெரிக்காவிலோ ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு வந்தால் தமிழில் செய்தி இப்படித்தான் முடிகிறது. யூடியூபில் குற்றக்கதை சொல்கிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 'பெத்த அம்மா செத்தாக்கூட வெளியே விட மாட்டாங்க' என்று பொழிப்புரையும் தருகிறார்கள். நீதிபதி சொன்னது அதுவல்ல. கேட்டுக் கேட்டு அலுத்துப் போனதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரெஞ்சில் 'பரோல்' என்றால் சொல், வாக்கு. பிடிபட்ட போர்வீரன் 'இனி உங்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்க மாட்டேன்' என்று தன் மானத்தின் மேல் வாக்குக் கொடுத்தால் அவனை விட்டுவிடுவார்கள். அந்த வாக்குக்குத்தான் முதலில் இந்தப் பெயர். இன்னும் பின்னால் போனால் கிரேக்கத்தில், பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைக் குறிக்கும் சொல்லில் போய் நிற்கும். பைபிளில் நாம் 'உவமை' என்று படிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும், 'பார்லிமென்ட்'டும் அதே வேரில் வந்தவை. குற்றவாளிகளுக்கு இந்த ஏற்பாடு வந்தது 19ஆம் நூற்றாண்டில். 1840இல் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவுச் சிறைக்குப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மக்கானக்கி, உழைப்புக்கும் நடத்தைக்கும் மதிப்பெண் போட்டு, சேர்த்தவர்களுக்குக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். அயர்லாந்தில் வால்ட்டர் கிராஃப்டன் அதை வளர்த்தார். 1876இல் திறந்த நியூயார்க் மாநிலத்து எல்மைரா சீர்திருத்தச் சிறை வழியாக அமெரிக்காவில் பரவியது. வரலாறு இவ்வளவு போதும்.

சிக்கல் நம்மூரில் தொடங்குகிறது. இந்தியாவில் பரோல் என்றால் லீவு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மகளுக்குக் கல்யாணம், வீட்டில் ஒரு சாவு என்றால் சில நாள் வெளியே போய்விட்டுத் திரும்பச் சிறைக்கு வர வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளில், 2017 ஆகஸ்டில் நோயுற்ற தந்தையைப் பார்க்கப் பேரறிவாளன் ஜோலார்பேட்டை வந்ததும், 2019 ஜூலையில் மகள் திருமண ஏற்பாட்டுக்காக நளினி ஒரு மாதம் வெளியே வந்ததும் தமிழ்நாடே பார்த்த செய்திகள். 'பரோல்' என்றதும் நம் மனதில் வருவது இந்தக் காட்சிதான். இத்தனைக்கும் தமிழ்நாட்டு விதியின் தலைப்பில் அந்தச் சொல்லே இல்லை. 1982ஆம் ஆண்டின் அந்த விதிகளுக்குத் 'தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்' என்று பெயர். அதில் வருபவை சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்ற இரண்டு. பரோல் என்பது பத்திரிகையும் நாமும் ஒட்டவைத்த பெயர்.

'தண்டனை நிறுத்திவைப்பு' என்ற தலைப்பைக் கவனியுங்கள். வெளியே இருக்கும் நாளில் தண்டனை ஓடுவதில்லை, நிற்கிறது. கோவா வழக்கு ஒன்றில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: ஆயுள் கைதியின் முன்விடுதலைக்குத் தேவையான 14 ஆண்டைக் கணக்கிடும்போது பரோலில் கழித்த நாள்களைச் சேர்க்க முடியாது. கனடாவிலும் இங்கிலாந்திலும் அப்படியே தலைகீழ். அங்கே ஆயுள் கைதி பரோலில் வெளியே வந்தால் தண்டனை தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கிறது, சாகும் வரை. அவர் வீட்டில் இருந்தபடி தண்டனையை அனுபவிக்கிறார், அவ்வளவுதான். கண்காணிப்பு அலுவலரிடம் ஆஜராக வேண்டும், கேட்காமல் ஊர் மாறக் கூடாது. நிபந்தனையை மீறினால் மறுபடி உள்ளே. நமக்குப் பரோல் தண்டனையின் இடைவேளை, அவர்களுக்கு அது தண்டனையின் பின்பாதி. இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதிவிட்டு வாசகனே புரிந்துகொள்ளட்டும் என்றால் எப்படி?

2019 பிப்ரவரியில் டொரன்டோவில் புரூஸ் மெக்ஆர்தருக்கு வந்த தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேரைக் கொன்றவர். கொல்லப்பட்டவர்களில் இலங்கைத் தமிழர் இருவர். அதனால் அந்தத் தீர்ப்பு தமிழர்களிடையே கவனிக்கப்பட்டது. எட்டு ஆயுள் தண்டனைகள், ஒரே சமயத்தில் ஓடும். 25 ஆண்டுக்குப் பரோல் கேட்க முடியாது. பிடிபட்டபோது அவருக்கு வயது 66. அதாவது, இனிச் சிறைக்கு வெளியே வாழ அனுமதி கேட்க வேண்டுமானால் 91 வயது வரை காத்திருக்க வேண்டும். நீதிபதி சொன்னதன் கனம் இது. '25 வருஷத்துக்குப் பரோல் இல்லை' என்று படிக்கும் தமிழ் வாசகருக்கோ வேறு இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, நடுவில் நல்லது கெட்டதுக்கு விட மாட்டார்களா? இரண்டு, அப்படியானால் 26ஆம் வருஷம் பத்து நாள் லீவு கிடைக்குமா? இரண்டு கேள்விக்கும் அந்தத் தீர்ப்போடு தொடர்பே இல்லை. காவலர் துணையோடு வெளியே போய்வருவதற்குக் கனடாவில் வேறு ஏற்பாடு, வேறு பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சிறை விடுப்பு' என்று எழுத வேண்டும் என்பவர்கள் ஒரு பெரிய அணி. சிலர் 'காப்பு விடுப்பு' என்கிறார்கள். தனித்தமிழ் ஆர்வலர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. நம்மூர்ப் பரோலுக்குச் 'சிறை விடுப்பு' அருமையான சொல். அரசு விதியிலேயே 'விடுப்பு' இருக்கிறது, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். 'பரோல்' என்ற இடத்திலெல்லாம் இதைத் தூக்கிப் போடுவதுதான் என் ஆட்சேபம். மொழிபெயர்க்கிறவருக்குக் கணினியில் ஒரு சொல்லைத் தேடி இன்னொன்றை வைப்பதுபோல ஆகிவிட்டது. 2020 ஆகஸ்டில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனுக்கு நியூசிலாந்து வரலாற்றிலேயே முதல் முறையாகப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்நாடு தன் சட்டத்தின் ஆகக் கடுமையான தண்டனையை முதன்முதலாக எடுத்து வீசிய நாள் அது. அதைச் 'சிறை விடுப்பு அற்ற ஆயுள் தண்டனை' என்று எழுதினால், ஏதோ பண்டிகைக்கு ஊருக்கு விட மாட்டார்கள் என்ற அளவுக்குச் சுருங்கிப் போகிறது. சொல் சுத்தமான தமிழ், செய்தி சுத்தமாகத் தப்பு. பரோல் என்றே எழுதியிருந்தால்கூட, 'இது நமக்குத் தெரிந்த பரோல்தானா?' என்று ஒருவராவது சந்தேகப்பட்டிருப்பார். நல்ல தமிழில் எழுதியதும் அந்தச் சந்தேகமும் போய்விட்டது. தவறான பொருளை நல்ல தமிழ் அழுத்தமாக நிறுவிவிடும் என்பதைத் தூய்மை பேசுகிறவர்கள் யோசிப்பதே இல்லை.

அடுத்த போட்டியாளர் 'நன்னடத்தை விடுதலை'. இதில் இரண்டு சிக்கல். தமிழ்நாட்டில் 'நன்னடத்தை அலுவலர்' என்றால் ப்ரொபேஷன் ஆபீசர். அது சிறைக்கே அனுப்பாமல் நிபந்தனையோடு விடுகிற வேறு ஏற்பாடு. இரண்டாவது, அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008இலும் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2018இலும் ஆயுள் சிறைவாசிகளை அரசு விடுவித்தபோது நம் பத்திரிகைகள் 'நன்னடத்தை அடிப்படையில் விடுதலை' என்றே எழுதின. அந்தப் பெயரில் ஏற்கெனவே இரண்டு பேர் குடியிருக்கும்போது மூன்றாமவரை எங்கே வைப்பது?

பிரெஞ்சு வேரைப் பார்த்துவிட்டு 'வாக்குறுதி விடுதலை', 'சொல்லுறுதி விடுதலை' என்று ஆக்குகிறவர்களும் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்குப் பரோல் குழு முன்னால் நிற்கிறவரின் வாக்கை யாரும் அப்படியே நம்பி விடுவதில்லை. உளவியல் அறிக்கை, சிறைக்குள் செய்த தப்புகள், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் எதிர்ப்பு, வெளியே போனால் தங்க இடம் என்று பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். வேர்ச்சொல்லை மொழிபெயர்த்தால் 200 ஆண்டுக்கு முந்தைய போர்க்கைதிதான் கிடைப்பான்.

'முன்விடுதலை' நல்ல சொல், தமிழ்நாட்டில் நிலைத்தும் விட்டது. ஆனால் அது அரசு தரும் விடுதலைக்கு நிலைத்த சொல். ஆயுள் கைதிக்கு 'முன்' என்றால் எதற்கு முன் என்ற கேள்வியும் இருக்கிறது.

நான் எழுதுவது 'நிபந்தனை விடுதலை'. நிபந்தனை வடசொல் என்று ஒருவர் உடனே எழுந்து வருவார். வரட்டும். 'நிபந்தனை ஜாமீன்' என்பதைத் தினமும் செய்தியில் படிக்கிற வாசகருக்கு, 'விட்டுவிட்டார்கள், ஆனால் முழுசாக விடவில்லை' என்ற பொருள் ஒரே நொடியில் போய்ச் சேருகிறது. கழுத்தில் கயிறு இருக்கிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது. இங்கிலாந்தில் இதற்குச் சட்டச் சொல் 'லைசென்ஸ்'. அதை 'உரிமத்தின் பேரில் விடுதலை' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடை வைக்க அனுமதி வாங்கிய மாதிரி. அதற்கும் 'நிபந்தனை விடுதலை'யே சரியாகப் பொருந்தும். பரோல் இல்லாத ஆயுள் தண்டனைக்கோ புதிதாக எதுவும் தேடவே வேண்டாம், 'சாகும் வரை சிறை' என்று நம் பத்திரிகைகளே எழுதுகின்றனவே.

இனி 'தகுதி'. என் பெரிய வருத்தம் இதில்தான். 2025 மே மாதம் கலிஃபோர்னியாவில் மெனெண்டஸ் சகோதரர்களின் தண்டனையை நீதிபதி மாற்றினார். 1989இல் பெற்றோரைச் சுட்டுக் கொன்றவர்கள். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை, '50 ஆண்டு முதல் ஆயுள் வரை' என்று ஆனது. குற்றம் செய்தபோது 26 வயது ஆகவில்லை என்பதால் உடனே பரோல் பரிசீலனைக்கு வர முடிந்தது. 'பரோலுக்குத் தகுதி பெற்றனர்' என்று தமிழில் வந்ததும், என்னைச் சுற்றிப் பலர் அவர்கள் விடுதலையாகிவிட்டதாகவே பேசினார்கள். ஆகஸ்டில் பரோல் குழு இருவருக்கும் மறுத்துவிட்டது. 'அப்போ தகுதி இருக்குன்னு சொன்னாங்களே?' என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் தப்பில்லை. தமிழில் 'தகுதி பெற்றான்' என்றால் தேறிவிட்டான் என்று அர்த்தம். தகுதிச் சுற்று, தகுதிப் பட்டியல் எல்லாமே ஜெயித்தவர்களுக்கானது. இங்கே நடந்ததோ கேட்பதற்குக் கதவு திறந்தது மட்டும். ஜான் லெனனைக் கொன்ற மார்க் சாப்மனுக்கு அந்தக் கதவு 2000ஆம் ஆண்டிலேயே திறந்தது. ஒவ்வொரு முறையும் மறுப்புதான். அதனால் 'தகுதி'யை விட்டுவிட்டு வினையாகவே எழுதிவிடலாம்: '25 ஆண்டு சிறையில் கழித்த பிறகே நிபந்தனை விடுதலை கேட்க முடியும்.' பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், 'விடுதலை கோரும் காலம்'.

மொழிபெயர்ப்பாளர்களைத் திட்ட உட்கார்ந்தபின் ஒன்றோடு நிறுத்த முடியுமா? 'தண்டனைக் குறைப்பு' என்ற சொல்லையும் பாருங்கள். 2014 பிப்ரவரி 18இல் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரின் தூக்கை உச்ச நீதிமன்றம் ஆயுளாக மாற்றியது. தண்டனைக் குறைப்பு என்றார்கள். மறுநாள் அந்த வழக்கின் கைதிகள் எழுவரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது. மீதிக் காலத்தைத் தள்ளிவிடும் அதிகாரம், அதுவும் தண்டனைக் குறைப்பு. சிறைக்குள் வேலைக்கும் நடத்தைக்கும் மாதாமாதம் கிடைக்கும் நாள் கழிவும் அதே தண்டனைக் குறைப்பு. முதலாவது தண்டனை மாற்றம், மற்ற இரண்டும் கழிவு. கழிவை உள்ளே இருப்பவர்கள் 'ரெமிஷன்' என்று பிசகில்லாமல் சொல்கிறார்கள், வெளியே எழுதுகிறவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தின் பிள்ளைதான் 'ஆயுள் தண்டனைன்னா 14 வருஷம்' என்ற ஊர்ப்பேச்சு. ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும் என்று கோட்சேயின் தம்பி கோபால் கோட்சே வழக்கில் 1961இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 433ஏ பிரிவு (இப்போது புதிய சட்டத்தில் 475) சொல்வது வேறு: மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, 14 ஆண்டு உள்ளே கழிக்கும் முன் அரசு விடக் கூடாது. விடலாகாத காலத்தின் எல்லையை, விட்டே ஆக வேண்டிய நாளாகப் படித்துவிட்டோம். கனடாவின் 25ஐ நாம் படிக்கும் விதத்திலும் இதே தப்புதான் நடக்கிறது.