கூட்டாளிக்குக் குறைவு, நமக்கு மட்டும் ஏன் கூடுதல்?

தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வரும் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "ரெண்டு பேரும் சேர்ந்துதானே செஞ்சாங்க, அவனுக்கு மட்டும் எப்படிக் குறைஞ்சுது?" நியாயமான கேள்வி. ஒரே குற்றத்தில் சேர்ந்து ஈடுபட்டவர்களின் தண்டனையில் காரணமில்லாத ஏற்றத்தாழ்வு இருந்தால் மேல்முறையீட்டில் தலையிடலாம் என்று ஆஸ்திரேலியாவின் உச்சபட்ச நீதிமன்றமான ஹைகோர்ட் 1984இல் லோ வழக்கிலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் வித்தியாசம் இருப்பதைக் காட்டினால் போதாது, அதற்கு நியாயமான காரணம் இல்லை என்று காட்ட வேண்டும். பல மனுக்கள் விழுவது இங்கேதான்.

ஆஸ்திரேலிய மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, இருவருக்கும் நீதிபதி 10 ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறார் என்று வையுங்கள். வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போகும் முன், லோக்கல் கோர்ட்டில் இருக்கும்போதே ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 25 சதவீதம் கழிந்து ஏழரை ஆண்டு. விசாரணை தொடங்கும் அன்று காலையில் ஒப்புக்கொள்பவருக்கு 5 சதவீதம்தான், ஒன்பதரை ஆண்டு. இடைவெளி 2 ஆண்டு, ஆனால் இதில் அநீதி என்று வாதிட எதுவுமில்லை. வயது, பழைய குற்றப் பதிவு, போலீசுக்குச் செய்த உதவி எல்லாம் இதே மாதிரிதான்.

சரி, எப்போது வாதம் எடுபடும்? இருவருக்கும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு நீதிபதிகள் தண்டனை தரும் வழக்குகளை நான் கவனமாகப் பார்ப்பேன். உங்கள் ஆளுக்குத் தண்டனை வந்து சில மாதம் கழித்துக் கூட்டாளிக்கு மிகக் குறைவாகக் கிடைத்தால், முதல் நீதிபதி எந்தத் தவறும் செய்யாதபோதும் அதையே காரணமாக வைத்து மேல்முறையீடு செய்யலாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை.

அதனால் ஏன் இந்தத் தண்டனை என்று இரண்டு நீதிபதிகளும் விளக்கும் தண்டனை உரைகளையும், அரசுத் தரப்போடு ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட சம்பவ விவரத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். ஒருவருடைய தாளில் அவர் 'காரில் காத்திருந்தார்' என்றிருக்கும், மற்றவருடைய தாளிலோ காரை ஏற்பாடு செய்ததும் நேரம் குறித்ததும் அதே ஆள்தான் என்றிருக்கும். ஒவ்வொருவருக்கும் அவரவர் தாளை வைத்தே தண்டனை என்பதால், அப்புறம் இருவரையும் ஒப்பிடுவது ரொம்பக் கடினம். கையெழுத்துப் போடும் முன்பே வக்கீலிடம் கூட்டாளியின் தாளைப் பற்றிக் கேளுங்கள், தயவுசெய்து.

இன்னொன்று. கூட்டாளியின் தண்டனை வரட்டும் என்று காத்திருந்து மேல்முறையீட்டுக்கான 28 நாள் கெடுவைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். மேல்முறையீடு செய்யும் எண்ணம் இருக்கிறது என்ற அறிவிப்பை முதலில் கொடுத்துவிடுங்கள், கூட்டாளியின் தண்டனை உரையைப் பிறகு இணைத்துக்கொள்ளலாம். கெடு தாண்டிவிட்டாலும் அவகாசம் கேட்க முடியும், ஆனால் ஏன் தாமதம் என்பதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.