1898-க்கு முன்னா, பின்னா? அமெரிக்க கன் ஷோவில் பழைய ராணுவ ரைஃபிள் வாங்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் கன் ஷோ எனப்படும் துப்பாக்கிச் சந்தை நடக்கும் கூடத்துக்குள் நுழைந்தால் மேஜைக்கு மேஜை ரைஃபிள்கள் வரிசையாகப் படுத்திருக்கும். சுடமுடியாதபடி போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளையை) திறந்து, அதில் பிளாஸ்டிக் பட்டையைக் கோத்து இறுக்கியிருப்பார்கள். சிலவற்றின் பக்கத்தில் கையால் எழுதிய அட்டை ஒன்று இருக்கும்: 'ஆன்டீக், பேப்பர் தேவையில்லை.' அந்த அட்டை விற்பவர் சொல்வது, அவ்வளவுதான். சட்டம் வேறொன்றைப் பார்க்கிறது.

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிதான் ஆன்டீக். நூறு வயது ஆனால் ஆன்டீக் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வருஷம் போகப் போக இந்தக் கோடு நகராது. 1898 டிசம்பரில் செய்த மவுசர் என்ற ஜெர்மன் ரைஃபிள் ஆன்டீக். அடுத்த மாதம் அதே ஆலையில் அதே எந்திரத்தில் செய்த அதன் தம்பி ஆன்டீக் இல்லை.

இந்த ஒரு வருஷத்தை வைத்துத்தான் மற்றதெல்லாம். ஆன்டீக் என்றால் இந்தச் சட்டத்தின் கணக்கில் அது துப்பாக்கியே இல்லை. டீலரிடம் வாங்குபவர் நிரப்பும் மத்திய அரசுப் படிவமான ஃபார்ம் 4473 வேண்டாம், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் பேக்கிரவுண்ட் செக் வேண்டாம், வேறு மாநிலத்தில் இருப்பவர் நேராக உங்கள் வீட்டுக்கே அனுப்பலாம். இதெல்லாம் மத்திய சட்டத்தின்படி மட்டும். மாநிலச் சட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

சரி, எந்த வருஷம் என்று எப்படித் தெரியும்? பார்க்க வேண்டியது ரிசீவர். போல்ட் ஓடுகிற, குழல் திருகி நிற்கிற அந்த எஃகு உடல்தான் சட்டத்துக்குத் துப்பாக்கி. குழல், கட்டை, குறிமுள் எல்லாம் பிறகு மாற்றியிருந்தாலும் ரிசீவரின் வயதுதான் வயது. இதற்கு நல்ல உதாரணம் ஃபின்லாந்தின் எம்39. ரஷ்ய மோசின்-நாகன்ட் ரைஃபிள்களின் பழைய ரிசீவர்களை எடுத்து, புதுக் குழலும் புதுக் கட்டையும் போட்டு அவர்கள் 1940-களில் கட்டியது. குழலில் 1942 என்று அடித்திருக்கும். கட்டையிலிருந்து திருகைக் கழற்றி இரும்பைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தால், ரிசீவர் வாலின் அடிப்பக்கத்தில், பல வருஷ எண்ணெய்க் கறைக்குள் ரஷ்ய ஆலை அடித்த வருஷம் சின்னதாக இருக்கும். அது 1897 என்றால், இரண்டாம் உலகப் போர் ரைஃபிள் போலத் தெரிகிற அந்தச் சாமான் சட்டப்படி ஆன்டீக். கழற்றிப் பார்க்கலாமா என்று விற்பவரிடம் கேளுங்கள். கேட்காமல் திருகில் கை வைத்தால் மேஜைக்காரருக்குக் கோபம் வரும், நியாயம்தான்.

சில ரைஃபிள்களில் இந்த வேலையே வேண்டாம். சிலி நாட்டுக்காக ஜெர்மனியில் செய்த 1895 மாடல் மவுசரின் ரிசீவரில் 'லுட்விக் லோவே, பெர்லின்' என்று இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியின் ஆயுதத் தொழில் 1899-க்கு முன்பே டிடபிள்யூஎம் என்ற புதுப் பெயருக்கு மாறிவிட்டது. அமெரிக்க ராணுவத்தின் ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளும் 1899-க்கு முன் செய்தது, கவலையில்லாத ரகம். அதே ராணுவத்தின் க்ராக் ரைஃபிளில்தான் கவனம் வேண்டும். அதன் தயாரிப்பு 1899-ஐத் தாண்டி நடந்தது. '1898 மாடல்' என்பது மாடலின் பெயர், செய்த வருஷம் அல்ல. சீரியல் எண்ணை வைத்துத்தான் வருஷத்தைப் பிடிக்க வேண்டும்.

நகல்களில் வேறு குழப்பம். வாய்வழியே கருமருந்து திணித்துச் சுடும் பழைய மஸ்கெட்டின் நகலை நேற்று செய்திருந்தாலும், மருந்தும் குண்டும் ஒன்றாகச் சேர்ந்த முழுத் தோட்டா போட்டுச் சுட முடியாது என்பதால் பொதுவாக அதற்கும் ஆன்டீக் சலுகை உண்டு. ஆனால் ட்ராப்டோரின் புது நகல் .45-70 தோட்டா போடுவது, அந்தத் தோட்டா இன்றும் கடையில் கிடைப்பது. ஆகவே அது சாதாரணத் துப்பாக்கி, முழுப் பேப்பரும் உண்டு. பார்க்க இரண்டுமே தாத்தா காலத்துச் சாமான்தான்!

குழலை வெட்டிக் குட்டையாக்கிய ரைஃபிள் மேஜையில் இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிள்கள் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் வருகின்றன. அந்தச் சட்டத்தில் ஆன்டீக்குக்கான விளக்கமே வேறு: 1898-லோ அதற்கு முன்போ செய்ததாக இருந்தாலும், அதற்கான தோட்டா சந்தையில் சாதாரணமாகக் கிடைத்தால் சலுகை இல்லை.

இனி 1899 முதல் செய்யப்பட்டவை. கன் ஷோவில் கண்ணில் படும் ராணுவ ரைஃபிள்களில் பெரும்பாலானவை இவைதான்: லீ-என்ஃபீல்ட், கே98, எம்1 கேரண்ட். லைசென்ஸ் உள்ள டீலரிடம் வாங்கினால் ஃபார்ம் 4473, எஃப்பிஐ-யின் நிக்ஸ் என்ற பேக்கிரவுண்ட் செக் இரண்டும் உண்டு. ரைஃபிள் வாங்குபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். தனியார் ஒருவர் தன் சேகரிப்பிலிருந்து விற்றால், இருவரும் ஒரே மாநிலத்தவராக இருக்கும்வரை மத்திய சட்டம் சோதனை கேட்பதில்லை. கலிஃபோர்னியா, கொலராடோ, நியூயார்க் போன்ற மாநிலங்களில் தனியார் விற்பனையும் டீலர் வழியாகத்தான். விற்பவர் வேறு மாநிலத்தவர் என்றால் எங்கே நடந்தாலும் நடுவில் டீலர் வேண்டும்.

அடிக்கடி வாங்குகிறவர்களுக்கு 03 வகை லைசென்ஸ் ஒன்று இருக்கிறது. சேகரிப்பாளர்கள் 'சி அண்ட் ஆர்' (க்யூரியோ அண்ட் ரெலிக், அதாவது அபூர்வப் பழம்பொருள்) என்பார்கள். துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறையான ஏடிஎஃப் தருகிறது, மூன்று வருஷத்துக்கு 30 டாலர், 21 வயது ஆகியிருக்க வேண்டும். 50 வருஷமோ அதற்கு மேலோ ஆன, மாற்றம் செய்யாத பழைய துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்தும் இதைக் காட்டி நேரடியாக வாங்கலாம், மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால். இந்த 50 வருஷக் கோடு மட்டும் வருஷா வருஷம் நகரும். கட்டையை வெட்டி வேட்டைக்கு ஏற்ப மாற்றிய ராணுவ ரைஃபிளுக்கு இந்தச் சலுகை போய்விடும். வாங்கியது, விற்றது எல்லாவற்றுக்கும் பதிவேடு வைக்க வேண்டும். திருடுபோனால் 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். இது சேகரிக்கத்தான். இதை வைத்து வியாபாரம் செய்யக்கூடாது.

நம்மவர்கள் பலர் கேட்பது விசா பற்றி. கிரீன் கார்டு இருந்தால் தடையில்லை. ஹெச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. '1899-க்கு முந்தையது என்றால்?' என்று கேட்டால், அது இந்தத் தடைக்குள் வராது; உங்கள் மாநிலம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டீக் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விளக்கம் மாறும், இதில் நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள். 'கிரீன் கார்டு இருக்கிற நண்பர் பெயரில் எடுத்துக் கொடுக்கச் சொல்லலாமே' என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று ஃபார்ம் 4473 நேரடியாகக் கேட்கிறது. அடுத்தவருக்காக இப்படி வாங்குவதற்கு 2022-இல் வந்த சட்டத்தில் 15 வருஷம் வரை சிறை.

பணம் கொடுப்பதற்கு முன் பட்டையை வெட்டச் சொல்லி, குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். போல்ட்டிலும் ரிசீவரிலும் ஒரே எண்ணா என்றும் பாருங்கள், விலையில் பெரிய வித்தியாசம் அங்கேதான். சட்டம் பேப்பர் கேட்காவிட்டாலும், நீங்கள் ஒரு விற்பனைச் சீட்டு எழுதி வாங்குங்கள்: தேதி, சீரியல் எண், ரிசீவரில் பார்த்த வருஷம், இருவர் கையெழுத்து. ரிசீவர் அடியிலிருந்த அந்த வருஷத்தை அங்கேயே போட்டோ எடுத்துச் சீட்டோடு வைத்துக்கொண்டால், நாளைக்கு யாராவது கேட்டாலும் மறுபடி திருகைக் கழற்ற வேண்டியிருக்காது.