ஒருவரின் முகவரி இன்னொருவரின் திரையில்

"என் கணக்கைத் திறந்தால் வேறு யாரோ ஒருவரின் பெயரும் முகவரியும் வந்தன. பக்கத்தைப் புதுப்பித்ததும் சரியாகிவிட்டது." நான் பொறுப்பில் இருந்த ஒரு வலைச் சேவைக்கு வந்த புகார் இவ்வளவுதான். என் கணினியில் ஐம்பது முறை திறந்து பார்த்தேன். ஐம்பது முறையும் என் பெயரே வந்தது. உலாவியின் கேஷ் (முன்பு வந்ததை விரைவாக எடுக்கச் சேமித்துவைக்கும் இடம்) கோளாறாக இருக்கலாம் என்று பதில் எழுதத் தொடங்கியிருந்தேன். அன்று மாலையே இரண்டாவது புகார் வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. திருத்தியது ஒரே வரி. உலாவிகளிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கையாளும் கிளாஸில் (ஆப்ஜெக்ட்களை உருவாக்கும் வார்ப்பில்) 'இப்போதைய பயனர்' என்று, மதிப்பை வைத்திருக்கும் ஒரு மாறி இருந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஓர் ஆப்ஜெக்ட் பிறக்கும் என்று அதை எழுதியவர் எண்ணியிருந்தார். ஜாவா மொழியில் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் சர்வ்லெட் என்ற நிரல்பகுதி அப்படி இயங்குவதில்லை. பொதுவாக ஒரே ஆப்ஜெக்ட்தான் இருக்கும். எல்லாத் திரெட்களும், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளும், அதற்குள்ளேதான் ஓடும்.

நடந்தது இதுதான். முதல் கோரிக்கை வந்து, மாறியில் தன் பயனரின் அடையாள எண்ணை எழுதுகிறது. பிறகு தரவுத்தளத்தில் வேறொரு விவரத்தைக் கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சில மில்லிவினாடிகள் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் இரண்டாவது கோரிக்கை உள்ளே வந்து, அதே மாறியில் தன் பயனரின் எண்ணை எழுதிவிடுகிறது. முதல் கோரிக்கை விழித்தெழுந்து, "இந்தப் பயனரின் முகவரி என்ன?" என்று கேட்கும்போது மாறியில் இருப்பது இரண்டாமவரின் எண். பிழைச் செய்தி கிடையாது, எதுவும் நின்றுபோகவில்லை. சரியான வடிவத்தில், தவறான மனிதருக்கு ஒரு பக்கம் போய்ச் சேர்கிறது. நான் தனியாக உட்கார்ந்து எத்தனை முறை சோதித்தாலும் இது வராது. இது வர இருவர் வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில்.

மாறியை ஃபங்ஷனுக்குள் நகர்த்தினோம், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி மாறி கிடைத்தது, தீர்ந்தது. பகிரப்படாத தரவுக்குப் பூட்டே (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு) தேவையில்லை என்பதால், எங்கே பூட்டுப் போடுவது என்று யோசிக்கும் முன், இதைப் பகிரத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது என் முதல் வேலையாகிவிட்டது.

அனுபவம் குறைந்த குழுவுக்குத்தான் இப்படி நேரும் என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச் 8 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் பயனர்கள் அனைவரையும் வெளியேற்றி, மீண்டும் உள்நுழையச் செய்தது. கோரிக்கைகளுக்கிடையே மறுபடி பயன்படுத்தப்பட்ட ஓர் ஆப்ஜெக்ட்டை இன்னொரு திரெட்டும் தொட்டதால், மிக அரிதாக ஒருவரின் உள்நுழைவு இன்னொருவரின் உலாவிக்குப் போயிருந்தது. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்கு வேறு பயனர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. அங்கே பகிரப்பட்டது, தரவை நினைவகத்தில் வைத்து விரைவாகத் தரும் ரெடிஸ் என்ற மென்பொருளுக்கான இணைப்பு. கேள்வி போன பிறகு, பதில் வந்து சேரும் முன் கோரிக்கை ரத்தானால், அந்தப் பதில் இணைப்பிலேயே தங்கிவிடும். அடுத்து அந்த இணைப்பை எடுப்பவர் முந்தையவரின் பதிலைப் பெறுவார்.

பகிர்ந்தே ஆக வேண்டிய தரவும் உண்டு. எண்ணி, கேஷ், மீதமிருக்கும் இடங்கள் போன்றவை. ஓர் எண்ணியைக் கூட்டுவது ஒரே செயலாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று செயல்கள்: படிப்பது, ஒன்றைக் கூட்டுவது, திரும்ப எழுதுவது. இரண்டு திரெட்கள் ஒரே நேரத்தில் 41 என்று படித்தால், இரண்டும் 42 என்று எழுதும். ஒரு கூட்டல் காணாமல் போகும். எண்ணி மட்டும் என்றால், இந்த மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும் அணு வகை (அட்டாமிக்) மாறிகள் போதும், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அடுத்த வகை. முதல் 100 பேருக்குச் சலுகை என்று ஒரு நிரல். 103 பேருக்குக் கொடுத்துவிட்டது. எழுதிய இளைஞர் கவனமாகத்தான் இருந்தார். பல திரெட்கள் ஒரே நேரத்தில் தொட்டாலும் பாதுகாப்பான, ஜாவாவின் கன்கரன்ட்ஹாஷ்மேப் என்ற தரவுப் பட்டியலைப் பயன்படுத்தியிருந்தார். "ஒவ்வொரு செயலும் பாதுகாப்பானது, பிறகு எப்படி?" என்று கேட்டார். படிப்பது பாதுகாப்பு, எழுதுவதும் பாதுகாப்பு. "இன்னும் ஒன்று மீதமிருக்கிறது" என்று பார்ப்பதற்கும் "சரி, கொடுத்துவிடலாம்" என்று எழுதுவதற்கும் நடுவே கதவு திறந்தே கிடந்தது. அந்த இடைவெளியில் நான்கு கோரிக்கைகள் அதே கடைசி ஒன்றைப் பார்த்துவிட்டன. பூட்டு காக்க வேண்டியது தனித்தனிச் செயலை அல்ல, பார்த்து முடிவெடுத்து எழுதும் வரையிலான முழு நீளத்தையும்.

அவர் உடனே அந்த நீளத்தைப் பூட்டுக்குள் கொண்டுவந்தார். அதுவும் போதவில்லை, ஏனென்றால் அந்தச் சேவை மூன்று சர்வர்களில் ஓடியது. ஒரு சர்வரின் நினைவகத்தில் இருக்கும் பூட்டு அடுத்த சர்வருக்குத் தெரியாது. கடைசியில் முடிவைத் தரவுத்தளத்திடமே விட்டோம்: மீதம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி என்று ஒரே கட்டளை. எத்தனை வரிசைகள் மாறின என்று பார்ப்போம். ஒன்று என்றால் சலுகை உண்டு, பூஜ்யம் என்றால் இல்லை.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் போன்ற சூழலிலும், பல பணிகளை ஒரே திரெட்டில் மாறி மாறி ஓட்டும் பைத்தானின் அசின்க்ஐஓவிலும் எழுதுபவர்கள், "எங்களுக்கு ஒரே திரெட்தான், இந்தச் சிக்கல் கிடையாது" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். இரண்டு வரிகளுக்கு நடுவே அவெயிட் (பதில் வரும்வரை காத்திரு என்ற கட்டளை) இல்லாதவரை அது உண்மை. அவெயிட் வரும் ஒவ்வோர் இடத்திலும் உங்கள் பணி ஒதுங்கி நிற்கலாம், வேறொரு பணி உள்ளே வரலாம். மீதத்தைப் படித்து, அவெயிட் போட்டு, பிறகு எழுதினால் அதே 103 பேர் கதைதான்.

பூட்டைச் சரியாகப் போடுபவர்களும் அதைப் பிடித்துக்கொண்டே வெளியிலிருந்து வரும் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு கேஷைப் பூட்டி, உள்ளே தகவல் இல்லையென்றால், பூட்டை விடாமலேயே வெளிச் சேவையை அழைக்கும் நிரலை நான் திருத்தியிருக்கிறேன். அந்தச் சேவை ஒரு நாள் முப்பது வினாடி தாமதித்தது. கேஷைத் தொட வந்த ஒவ்வொரு கோரிக்கையும் வாசலில் நின்றது. சில நிமிடங்களில் சர்வர் முழுவதும் முடங்கியது. பூட்டு, தேவையானதை நகலெடு, பூட்டை விடு, அதன்பின் அழை. பதில் வந்ததும் மறுபடி பூட்டி எழுது. அதற்குள் வேறு யாராவது எழுதிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு எழுது.

கருவிகளும் உதவும். கோ என்ற நிரல் மொழியில் சோதனையை ரேஸ் என்ற விருப்பத்தேர்வுடன் ஓட்டினால், பூட்டில்லாமல் இருவர் தொடும் இடத்தை வரி எண்ணோடு காட்டும். சோதனையின்போது உண்மையில் ஓடிய பாதையை மட்டுமே அது பார்க்கும் என்பதால், இணையாகப் பல கோரிக்கைகளை அனுப்பும் சோதனை எழுத வேண்டும். ரஸ்ட் மொழி இன்னும் கண்டிப்பானது. பாதுகாப்பின்றிப் பகிர முயன்றால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே மறுத்துவிடும். ஆனாலும் ரஸ்ட்டில் பூட்டிப் படித்து, விட்டு, மறுபடி பூட்டி எழுதினால் 103 பேருக்குச் சலுகை கொடுக்கும் நிரல் ஒரு புகாருமின்றி கம்பைல் ஆகும். எந்த இரண்டு செயல்கள் ஒன்றாக நிற்க வேண்டும் என்பது எழுதுபவருக்கு மட்டுமே தெரியும்.

முகவரி மாறிப்போன அந்தச் சம்பவத்தில் எங்களைக் காப்பாற்றியது பதிவுகள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதன் ஒவ்வொரு படியையும் பதிந்து வைத்திருந்தோம். உள்நுழைந்தவர் ஒருவராகவும் முகவரி கேட்கப்பட்டவர் வேறொருவராகவும் இருந்த கோரிக்கைகளைத் தேடி எடுத்தோம். பதினொன்று கிடைத்தன. புகார் செய்த இருவருக்கு நன்றி சொல்லி எழுதுவது எளிதாக இருந்தது. முகவரி வெளியே போன பதினொரு பேருக்கு எதுவுமே தெரியாது. "உங்கள் முகவரியை முன்பின் தெரியாத ஒருவர் இந்தத் தேதியில், இந்த நேரத்தில் பார்த்திருக்கிறார்" என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன்.