ஒரே குழியில் இரண்டு செடிகள்

வட அரைக்கோளத்தின் குளிர்நாடுகளில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தோட்டத்தில் கை வைக்க முடியாது. மண் கல்லாக இறுகிக் கிடக்கும். வீட்டுத் தோட்டக்காரர்கள் கட்டம் போட்ட தாளை எடுத்துவைத்துக்கொண்டு, செடிக்கு ஒன்றாக வட்டம் வட்டமாக வரைவது அப்போதுதான். உங்கள் சால்வியாவுக்குப் பக்கத்தில் எதை வைத்தீர்கள், அது நிலைத்ததா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதும் அப்போதுதான். பேச்சு பெரும்பாலும் நிறத்தைச் சுற்றியே ஓடும். ஊதாவோடு மஞ்சள் எடுக்கும், ஆரஞ்சு எடுக்காது என்றெல்லாம். நிறம் வேண்டியதுதான். ஆனால் ஒரு ஜோடி பத்து வருடம் சண்டையில்லாமல் வாழ்வதும், மூன்றாம் வருடமே ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடுவதும் நிறத்தால் நடப்பதில்லை. எது எப்போது விழிக்கிறது, எது எப்போது உறங்கப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பல்லாண்டுச் செடிகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே செத்துப்போன மாதிரி தெரியும். உயிர் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். டென்மார்க்கின் தாவரவியலாளர் கிறிஸ்டன் ரவுன்கியர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவரங்களை ஒரே ஒரு கேள்வியை வைத்து வகைப்படுத்தினார்: மோசமான பருவத்தைக் கடக்கும் முளைமொட்டு எந்த உயரத்தில் இருக்கிறது? மரங்களுக்குக் காற்றில், எக்கினேசியா போன்றவற்றுக்கு மண்மட்டத்தில், டூலிப் போன்றவற்றுக்கு மண்ணுக்குள். தோட்டத் திட்டம் போடுகிறவருக்கு இதைவிட உபயோகமான வகைப்பாடு கிடையாது. மண்மட்டத்தில் உறங்கும் செடிக்கு அடியிலேயே, ஒரு சாண் ஆழத்தில் இன்னொரு செடி உறங்கலாம் என்று அது சொல்லிவிடுகிறது.

அந்த உறக்கம் சும்மா படுத்துக் கிடப்பதும் அல்ல. இலையுதிர்காலத்தில் ஒரு டூலிப் கிழங்கை நெடுக்காக வெட்டிப் பார்த்தால், நடுவில் சின்னஞ்சிறு பூ தயாராக நிற்பதைப் பார்க்கலாம். இதழ், மகரந்தப்பை எல்லாம் கோடையிலேயே உருவாகிவிட்டவை. பாக்கி இருப்பது தண்டு நீள்வது மட்டும். அதற்குச் சுமார் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 12 முதல் 16 வாரம் குளிர் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தண்டு குட்டையாக நின்றுவிடும், பூ உள்ளேயே கருகிவிடுவதும் உண்டு.

குளிரை எண்ணும் இந்தக் கணக்கு பல்லாண்டுச் செடிகளில் கொஞ்சம் விசித்திரமானது. கடுகு இனத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற ஓராண்டுச் செடியில், பூப்பதைத் தடுக்கும் மரபணு ஒன்று உண்டு. நீண்ட குளிர் அதை அணைத்துவிடும். வெப்பம் திரும்பிய பிறகும் அது அணைந்தே இருக்கும். செடி முழுவதும் பூத்து, விதைவிட்டு, செத்துப்போகும். அதன் பல்லாண்டு உறவினமான அராபிஸ் அல்பினாவை ஆராய்ந்தவர்கள் 2009-இல் ஒரு வித்தியாசத்தைக் கண்டார்கள். அங்கேயும் அதே வகை மரபணு குளிரில் அணைகிறது, ஆனால் வெப்பம் வந்ததும் மறுபடி விழித்துக்கொள்கிறது. குளிரிலேயே பூவாக முடிவெடுத்துவிட்ட மொட்டுகள் பூக்கும். மற்றவை இலைக்கிளையாகவே தங்கி அடுத்த குளிருக்குக் காத்திருக்கும். ஒரே மரபணு எப்போது மறுபடி எரிகிறது என்பதில் ஒரு வருட ஆயுளுக்கும் பல வருட ஆயுளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு!

சரி, இதை வைத்து ஜோடி சேர்ப்பது எப்படி? டாஃபடிலும் டேலிலியும் பழைய ஜோடி. இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே குழியில் வைக்கலாம். டாஃபடில் வசந்தத்தின் தொடக்கத்திலேயே எழுந்து, மரங்கள் இலைவிடுவதற்கு முன் தரையில் விழும் வெயிலைக் குடித்துவிடும். பூ உதிர்ந்த பிறகும் அதன் இலைகள் குறைந்தது ஆறு வாரம் பச்சையாக நிற்க வேண்டும். அடுத்த வருடத்துக்கான மாவுச்சத்து அப்போதுதான் கிழங்குக்குள் இறங்குகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அந்த இலைகளை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஒளிச்சேர்க்கை செய்யும் பரப்பை மடித்துக் கட்டிவிட்டு, மறு வருடம் பூ குறைந்துவிட்டது என்று புலம்புவதில் அர்த்தமில்லை. டேலிலி அந்த ஆறு வாரத்தில்தான் தன் இலைகளை விரிக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி நீண்ட பட்டை இலைகள் என்பதால் பழுப்பது கண்ணில் படாது. டாஃபடில் அடங்கும் நேரத்தில் டேலிலிக்கு முழு வெயிலும் முழு ஈரமும் கிடைத்துவிடும்.

புற்களிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. கலமாக்ரோஸ்டிஸ் குளிர்ந்த மண்ணிலேயே வேலையைத் தொடங்கும். சுவிட்ச்கிராஸ், மிஸ்காந்தஸ் இரண்டும் சி4 என்ற ஒளிச்சேர்க்கை முறையைப் பின்பற்றுபவை. வெப்பத்தில் அந்த முறைக்கு நிகரில்லை, குளிரில் மந்தம். மண் சூடேறும்வரை அவை அசையாது. ஆகவே மிஸ்காந்தஸைச் சுற்றி வசந்தகாலக் கிழங்குகளை நெருக்கமாக நடலாம், கலமாக்ரோஸ்டிஸைச் சுற்றி அவ்வளவு இடமில்லை. தாளில் இரண்டும் ஒரே அளவு வட்டம்தான். நடவுத் திட்டத்தில் ஏப்ரலுக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று என்று இரண்டு படமாவது வரையச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது நெருக்கம். பக்கத்துச் செடி நிழல் போட்ட பிறகுதான் செடிக்குப் பிரச்சினை என்று நினைக்கிறோம். செடி அதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறது. பச்சை இலை 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, 730 நானோமீட்டர் அளவிலான தொலைச்சிவப்பில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். ஆகவே ஒரு செடியின் மீது பக்கவாட்டிலிருந்து தொலைச்சிவப்பு அதிகமாக விழுந்தால், அருகில் யாரோ வளர்கிறார்கள் என்று அர்த்தம். தொலைச்சிவப்புக்குச் சிவப்பு எவ்வளவு என்ற விகிதத்தை ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அளக்கிறது. விகிதம் குறைந்தால் செடி தடிப்பதை விட்டுவிட்டு உயர்வதில் இறங்கும். நெருக்கி நட்ட பாத்தியில் தண்டு நீண்டு, மெலிந்து, முதல் பலத்த மழையில் சாய்வது இப்படித்தான். உரம் போதவில்லை என்று இன்னும் கொட்டினால் இன்னும் சாயும்.

நிழலைத் தாங்கும் குட்டைச் செடிகளை உயரமானவற்றின் காலடியில் பரப்பினால் இந்தத் தொல்லை குறைவு. மண்ணுக்குள்ளும் அதே மாதிரி அடுக்கு உண்டு. அமெரிக்கப் புல்வெளிகளில் பள்ளம் தோண்டி வேர்களை வரைந்தே ஆயுளைக் கழித்தவர் ஜான் வீவர். சில வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதையும், பக்கத்திலேயே சில இரண்டு, மூன்று மீட்டர் இறங்குவதையும் அவர் காட்டினார்.

காலம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஓரியண்டல் பாப்பியைப் பார்க்கலாம். கோடையின் தொடக்கத்தில் தட்டு அளவுக்குப் பூ, சில வாரத்தில் இலையும் மறைந்து வெற்றிடம். இங்கிலாந்தின் தோட்டக்கலைஞர் கெர்ட்ரூட் ஜெகில் அதன் அருகே, பிறகு பரந்து பூக்கும் ஜிப்சோஃபிலாவை நட்டு அந்த ஓட்டையை மூடினார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த யோசனை மாறவில்லை.

கடன் வாங்கிய திட்டம் இன்னொரு இடத்தில் தோற்பது பெரும்பாலும் வெப்பநிலை எண்ணை மட்டும் பார்ப்பதால். அமெரிக்க வேளாண் துறையின் வரைபடம் நிலத்தை 13 மண்டலங்களாகப் பிரிக்கிறது. 2023-இல் வந்த பதிப்பு, 1991 முதல் 2020 வரை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை வைத்து வரையப்பட்டது. அது காற்றின் கணக்கு. மண்ணின் கணக்கு தனி. தடித்த பனி மூடிய இடத்தில் வெளியே எவ்வளவு இறங்கினாலும் மண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். பனியில்லாத ஊரில் மண் உறைந்தும் உருகியும் மாறிமாறிப் பொங்கும். அப்போது ஹியூக்கெரா மாதிரி மேலோட்டமாக வேர்விட்ட செடிகள் மண்ணை விட்டு எழும்பி, வேர் வெளியே தெரிய நிற்கும்.

இதைவிடப் பெரிய எமன் தேங்கும் தண்ணீர். லாவெண்டருக்கும் தாடி ஐரிஸுக்கும் வறண்ட குளிர் அநேகமாகப் பிரச்சினையே இல்லை. குளிர்ந்த சேற்றில் மூச்சு முட்டி அவற்றின் அடிப்பகுதி அழுகிவிடும். ஆகவே யாராவது ஒரு நல்ல ஜோடியைச் சொன்னால், மண்டல எண்ணைக் கேட்பதோடு, ஜனவரியில் அந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா என்றும் கேளுங்கள். உங்கள் பாத்தியைச் சோதிக்க ஒரு முழக் குழி தோண்டி, இரண்டு தடவை தண்ணீர் நிரப்பி, இரண்டாம் தடவை எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்த்தால் போதும். மறுநாளும் தண்ணீர் நின்றால் லாவெண்டரைத் தாளிலேயே அடித்துவிடலாம். சோதனையை மட்டும் மண் உறைவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.