ஆசிஃபிகேஷன்: என்பாக்கம்

லத்தீனில் 'ஆஸ்' என்றால் எலும்பு. 'ஃபாக்கெரே' என்றால் ஆக்குதல். குருத்தெலும்போ சவ்வோ எலும்பாக மாறுவதுதான் ஆசிஃபிகேஷன். தமிழில் எலும்பாதல், என்பாக்கம் என இரண்டு சொற்கள் புழங்குகின்றன. 'என்பு' குறளிலேயே உள்ள பழஞ்சொல். என்பாக்க மையம், என்பாக்க நிலை என்று தொடர்சொற்கள் இயல்பாக அமைவதால் என்பாக்கமே பொருத்தம்.

உயிரோடிருப்பவரின் வயதைக் கணிக்கும் எக்ஸ்ரேயில் முக்கியமாகப் பார்ப்பவை இரண்டு: என்பாக்க மையம் (எலும்பாதல் தொடங்கும் இடம்) தோன்றிவிட்டதா, எலும்பின் முனை தண்டோடு இணைந்துவிட்டதா. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் பதியாது. ஆகவே இணையாத முனைக்கும் தண்டுக்கும் நடுவே குருத்தெலும்பாலான வளர்தட்டு கருங்கோடாகத் தெரியும்.

வழக்கமாக எடுப்பது இடக்கைப் படம். உள்ளங்கை கீழே பதிந்து, விரல்கள் சற்றே விரிந்து, மணிக்கட்டுக்கு மேலே முன்கை எலும்புகளின் முனைகளும் படத்துக்குள் வர வேண்டும். அதை வயதுவாரியான மாதிரி எக்ஸ்ரேக்கள் அடங்கிய கிரூலிக்–பைல் படத்தொகுப்போடு (இரண்டாம் பதிப்பு 1959) ஒப்பிடுவார்கள். அந்தத் தொகுப்புக்குப் படம் தந்தவர்கள் 1930-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வளர்ந்த வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஊட்டம் குறைந்து வளர்ந்தவர்களின் எலும்பு பிந்தி முதிரும். அவர்களுக்கு இந்த ஒப்பீடு வயதைக் குறைத்தே காட்டும். தைராய்டு சுரப்புக் குறைவிலும் இதே பிழை நேரும். பருவம் முந்தி வந்த பிள்ளைக்கு நேர்மாறு.

கையில் கடைசியாக மூடுவது மணிக்கட்டருகே ஆரை எலும்பின் முனை. அதுவும் மூடிவிட்டால் கைப்படத்தால் மேற்கொண்டு பயனில்லை. 18 வயதைத் தாண்டியவரா என்ற கேள்விக்குக் காறை எலும்பைத்தான் (மார்பெலும்பின் உச்சியிலிருந்து தோள் வரை செல்வது) பார்க்க வேண்டும். அதன் மார்புப் பக்க முனை எல்லாவற்றுக்கும் கடைசியில் இணைகிறது. ஜெர்மன் தடயவியல் மருத்துவர் ஷ்மெலிங் வகுத்த ஐந்து நிலைகள்: (1) மையம் இல்லை; (2) மையம் உண்டு, இணைப்பில்லை; (3) பாதி இணைப்பு; (4) முழு இணைப்பு, தழும்புக்கோடு தெரிகிறது; (5) தழும்பும் மறைந்துவிட்டது. சாதாரண எக்ஸ்ரேயில் விலாவும் முதுகெலும்பும் மேலே விழுந்து இந்த முனையை மறைத்துவிடும். அதனால் சி.டி. ஸ்கேன்தான் சரி, அதுவும் 1 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக. துண்டு தடித்தால் மெல்லிய இடைவெளி மங்கி, மூன்றாம் நிலை நான்காம் நிலையாகத் தோன்றும். சிறார் ஒருவர் பெரியவராகக் கணக்கில் ஏறிவிடுவார். இந்தத் துறையில் இதைவிடக் கொடிய பிழை இல்லை.

எலும்பைப் பார்த்து வயதைக் கணிப்பதை 'வயது நிர்ணயம்' என்று எழுதுவது தவறு. எலும்பு சொல்வது முதிர்ச்சியை, பிறந்த நாளை அல்ல. ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளேயே பதின்பருவத்தில் இரண்டு ஆண்டு வரை முன்பின் இருப்பது இயல்பு. பெண்பிள்ளைகளின் எலும்பு ஆண்பிள்ளைகளுடையதைவிட முந்தி முதிர்கிறது. ஆகவே 'வயது மதிப்பீடு' என்பதே சரியான பெயர். அறிக்கையில் ஒற்றை எண்ணை மட்டும் எழுதிவிடாமல் எந்த முறை, எந்த நிலை, எந்த வயது வரம்பு, அந்த நிலையில் காணப்பட்ட மிகக் குறைந்த வயது எது என்று நான்கையும் எழுத வேண்டும்.