மறுதொடக்கத்துக்கு முன்: சர்வர் வன்பொருள் பழுதில் திரட்ட வேண்டிய தடயங்கள்

தயாரிப்பாளரின் சேவைப் பிரிவுக்கு வரும் புகார்களில் தீர்க்கக் கடினமானவை, "இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தோம், இப்போது ஓடுகிறது, ஆனால் ஏன் நின்றது என்று தெரியவில்லை" என்று தொடங்குபவை. எந்த உதிரிபாகத்தை மாற்றுவது என்று முடிவு செய்ய உதவியிருக்கும் தகவலில் ஒரு பகுதி, அந்த ரீஸ்டார்ட்டிலேயே அழிந்திருக்கும்.

பழுதின் தடயங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் இல்லை. திரையில் உறைந்து நிற்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பிழைச் செய்தி, மின்சாரம் நின்ற நொடியில் மறைந்துவிடும். லினக்ஸில் ஜர்னல் என்னும் இயங்குதள நிகழ்வுப் பதிவு வட்டில் எழுதப்படாமல் நினைவகத்தில் மட்டும் வைக்கப்பட்டிருந்தால், அதுவும் மறுதொடக்கத்தைத் தாண்டாது. பிஎம்சி என்னும் மேலாண்மைச் சிப்பின் நிகழ்வுப் பதிவோ, இயங்குதளம் முற்றிலும் செயலிழந்தாலும் தனியே நிலைத்திருக்கும். எனவே விரைவில் அழிவதை முதலில் எடுக்க வேண்டும். புகை வந்தாலோ கருகிய வாடை அடித்தாலோ மட்டும் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

முதலில் திரையைப் படம் எடுங்கள். முன்பக்க விளக்குகளின் நிறத்தையும், அவை சிமிட்டுகின்றனவா நிலையாக எரிகின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் அணையாமல் உறைந்து மட்டும் இருந்தால், பிஎம்சி வழியாக என்எம்ஐ சமிக்ஞை (பிராசசர் புறக்கணிக்க முடியாத குறுக்கீடு) அனுப்பி நினைவகப் படியை, அதாவது அந்த நேரத்தில் நினைவகத்தில் இருப்பதன் நகலை, எடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கேடம்ப் (லினக்ஸில் அந்த நகலைச் சேமிக்கும் வசதி) போன்ற ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்திருந்தால்தான் அது பலன் தரும்.

அடுத்தது பிஎம்சி தொகுப்பு. டெல் சர்வர்களில் ஐடிராக், ஹெச்பிஇ-யில் ஐலோ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் என்று பெயர் மாறினாலும், மூன்றிலும் சேவைப் பிரிவு கேட்கும் பதிவுத் தொகுப்பை இணைய இடைமுகத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். சர்வர் அணைந்திருந்தாலும், காத்திருப்பு மின்சாரம் (மின்கம்பி செருகியிருக்கும்போது வரும் சிறிதளவு மின்சாரம்) இருக்கும் வரை பிஎம்சி பதில் சொல்லும் என்பதால், மின்கம்பியைப் பிடுங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. எச்சரிக்கை விளக்கு அணைய வேண்டும் என்பதற்காகவே நிகழ்வுப் பதிவைத் துடைத்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. விளக்கு அணையலாம், பழுது அங்கேயேதான் இருக்கும். இன்னொன்று, அந்தப் பதிவின் கொள்ளளவு சிறியது. நிரம்பியதும் சில சர்வர்கள் பழையதன் மேல் எழுதும், சில புதியதை எழுதாமலே விட்டுவிடும்.

இயங்குதளப் பதிவுகளில் எல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல. விண்டோஸில் கெர்னல்-பவர் 41 என்ற நிகழ்வை மட்டும் அனுப்பிவிட்டுக் காரணம் கேட்பவர்கள் உண்டு. முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. வன்பொருள் பிழைகளைத் தேட வேண்டிய இடம், விண்டோஸ் அவற்றைக் குறித்துவைக்கும் வீயா-லாகர் பதிவுகள். லினக்ஸில் கெர்னல் செய்திகளும், வன்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் ராஸ்டீமன் நிரலை நிறுவியிருந்தால் அதன் பதிவும், எல்லாவற்றையும் மொத்தமாகத் திரட்ட சாஸ் என்னும் கருவியின் அறிக்கையும் போதும். நினைவகப் பிழை என்றால், ஈசிசி (நினைவகத்தின் பிழைதிருத்தும் வசதி) தானே திருத்திய பிழையா, திருத்த முடியாத பிழையா, எந்த ஸ்லாட் என்ற மூன்றையும் சொல்லுங்கள். எப்போதோ ஒரு முறை திருத்தப்பட்ட பிழைக்காகப் பொதுவாக நினைவக மாட்யூலை மாற்றித் தர மாட்டார்கள்.

பதிவுகளைப் பத்திரப்படுத்திய பிறகே கை வைக்கலாம், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். சந்தேகத்துக்குரிய மாட்யூலை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் பிழையும் உடன் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் குறை மாட்யூலில். பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டையோ பிராசசரையோ சந்தேகிக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றி ஒரேயடியாகத் திரும்பச் செருகினால், பழுது மறைந்தாலும் எதனால் மறைந்தது என்று சொல்ல முடியாது. ரெய்டு வட்டுகளில் (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் அமைப்பு) இந்தச் சோதனையே வேண்டாம். ஒரு வட்டின் இழப்பை மட்டுமே தாங்கும் ரெய்டு 5-இல் ஒரு வட்டு ஏற்கெனவே போயிருக்கும்போது தவறான வட்டை உருவினால், வரிசை முழுவதும் செயலிழக்கும். ரெய்டு கன்ட்ரோலரின் பதிவை மட்டும் எடுத்து அனுப்புங்கள்.

புகாரில் கண்டதையும் ஊகித்ததையும் கலக்காதீர்கள். "மதர்போர்டு போய்விட்டது" என்பது ஊகம். "பொத்தானை அழுத்தினால் மின்விசிறிகள் சில விநாடி சுழன்று நிற்கின்றன" என்பது கண்டது. வரிசை எண், ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்த மென்பொருள்) பதிப்புகள், அண்மையில் செய்த மாற்றங்கள் ஆகியவற்றுடன், பிஎம்சி கடிகாரத்துக்கும் இயங்குதளக் கடிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் எழுதுங்கள். ஒன்று உலக நேரத்திலும் மற்றொன்று உள்ளூர் நேரத்திலும் ஓடினால், ஒரே நிகழ்வு இரண்டாகத் தோன்றும்.

நினைவகப் படியில் கடவுச்சொற்களும் மறைகுறியீட்டுச் சாவிகளும் இருக்கக்கூடும். ஆகவே பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதலோடு, தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பான வழியில் மட்டுமே அதை அனுப்ப வேண்டும்.

சேவை முற்றிலும் நின்றிருந்தால், இத்தனையும் முடியும் வரை அழைக்காமல் இருப்பது தவறு. வரிசை எண்ணோடு உயர் முன்னுரிமையில் புகாரைப் பதிந்துவிட்டு, பொறியாளர் திரும்ப அழைப்பதற்குள் பிஎம்சி தொகுப்பை இறக்கிவிடுங்கள்.

போர்டையே மாற்றுவது என்று முடிவானால், மாற்றுவதற்குச் சற்று முன் இன்னொரு தொகுப்பு எடுங்கள். பல சர்வர்களில் பிஎம்சி மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டிருப்பதால், கழற்றிய போர்டோடு அதன் பதிவும் போய்விடும்.